கடலிலிருந்து தெரியும் பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றபோது நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். கடலில் வருகிற ஒவ்வொருவனும் என் பெயரை வாசித்த பிறகுதான் கரையில் கால் வைக்க வேண்டும். தீர்மானம் பெரியது. வாயைக் கொப்பளித்துவிட்டு, நேரே குசினிக்குப் போய் மனைவியிடம் அறிவித்தேன்.

"நல்லது," என்றாள் சின்னத்தங்கம். "முதல் அந்தத் தண்ணியைக் கொண்டுவந்து வையுங்கோ."

இந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த துன்பத்தை வாசகர்கள் அறிய வேண்டும். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. கிடுகுக் கூரை, ஆட்கள் இருந்து சாப்பிட நாலு வாங்கு, ஒரு பெரிய அடுப்பு. அடுப்பு அவளுடைய அதிகாரம். வாங்குகள் என்னுடைய அதிகாரம். அவள் பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கும் பிட்டை ஒருமுறை சாப்பிட்டவன், ஊர்காவற்றுறைக் கோட்டில் வழக்கு இல்லாவிட்டாலும் ஒரு வழக்கை உண்டாக்கிக்கொண்டு மறுமுறை வருவான். மிகை அல்ல. அப்படி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். வழக்கில் தோற்றார். வயிறு நிறைந்து போனார்.

ஆனால் ஒருமுறை சாப்பிட வைப்பது எப்படி? அதுதான் துன்பம். நெடுந்தீவு, நயினாதீவு வள்ளங்கள் கரைதட்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கல்லுப்பாலம். அதன் தலைமாட்டில் மனுவேலின் கடை. மற்றது மணல் இறக்கம். அதற்கு நேரே எங்கள் கடை. கல்லுப்பாலத்தில் இறங்கினவன் மனுவேலின் கடையைத் தாண்டி ஓர் அடி வைப்பதில்லை. ஏழாற்றுப்பிரிவு நீரோட்டத்தில் குலுங்கி வந்த பசி அப்படி. மணல் பக்கம் ஒரு கடை இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. கடலிலிருந்து பார்த்தால் அது ஒரு கொட்டில். நெடுந்தீவார் மாடு வளர்க்கிறவர்கள். மாட்டுக்கொட்டில் என்றே நினைத்தார்கள்.

மிஞ்சின பிட்டு மத்தியானம் எங்களுக்கு, பின்னேரம் ஆட்டுக்கு. ஆடு கொழுத்தது. சின்னத்தங்கம் மெலிந்தாள்.

அவளுடைய தமையன் ஐயாத்துரை புளியங்கூடலில் புகையிலை வியாபாரி. "மச்சானுக்குக் கடை சரிவராது. என்ர கொட்டிலுக்கு அனுப்பு, புகையிலை கட்டட்டும்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். அவர் குரல் உயரும்போது கை நீளும் பழக்கமும் உண்டு. சின்னத்தங்கம் எனக்கு ஒரு தவணை வைத்தாள்.

"வைகாசி பிறக்கிறதுக்குள்ளை இந்தப் பக்கம் சனம் திரும்பவேணும். இல்லாட்டிக் கடையைப் பூட்டிப்போட்டு அண்ணரிட்டைப் போவம்."

ஐயாத்துரைக்குக் கீழே குந்தியிருந்து புகையிலை கட்டுவதிலும் ஏழாற்றுப்பிரிவில் குதிக்கலாம். ஆகவேதான் தீர்மானம். ஆகவேதான் பலகை.

நான் இளமையில் இரண்டு வருஷம் உதவி உபாத்தியாயராக இருந்தவன். எழுத்து எனக்குக் கைவந்தது. ஒரு முழு இரவும் விழித்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வெற்றிலை போட்டு முடிவதற்குள் வாசகம் தயாராகிவிட்டது. வள்ளங்களுக்குப் பேர் எழுதும் மரியதாசனைக் கூப்பிட்டு, தாளை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை வாசித்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் இருந்தது.

"சிவமயம். இறுப்பிட்டி வேலுப்பிள்ளை அரியநாயகம் அவர்களின் சுத்த சைவ போசனசாலையும் சிற்றுண்டிச்சாலையும். காலை மாலை இருவேளையும் சகலவித உணவு வகைகளும் சுகாதார முறைப்படி தயாரித்து அன்புடன் பரிமாறப்படும். வருக! வருக!"

"அண்ணை," என்றான் மரியதாசன் தாழ்மையோடு, "நாங்கள் வள்ளத்திலை ரெண்டு சொல்லுக்கு மேலை எழுதிறேல்லை. கடல்லை போறவனுக்கு நேரமில்லை."

"இது வள்ளம் இல்லை. இது ஸ்தாபனம்."

குசினிக்குள்ளிருந்து சின்னத்தங்கத்தின் குரல் வந்தது. "இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை வள்ளம் திரும்ப நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்திடும்."

நான் அதைக் கேளாதவன்போல இருந்தேன். பலகை எழுதப்பட்டது. கூரைமேல் ஏற்றப்பட்டது. கீழே நின்று வாசித்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. எவ்வளவு மரியாதையான பலகை!

மறுநாள் ஒரு சிறு வள்ளத்தை வலித்துக்கொண்டு, துறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டைப் பக்கம் போனேன், கடலிலிருந்து பார்த்து மகிழ. எதிரே நெடுந்தீவு வள்ளம் வந்தது. முன்னணியத்தில் நெய்ப் பானையோடு செபஸ்தியம்மா இருந்தாள். நெடுந்தீவில் பத்துப் பசுவுக்குச் சொந்தக்காரி, வெள்ளிக்கு வெள்ளி நெய் விற்க வருகிறவள்.

"அக்கா, அங்கை கரையைப் பாருங்கோ. என்ன தெரியுது?"

அவள் கையைப் புருவத்துக்கு மேலே வைத்துப் பார்த்தாள். "ஒரு கொட்டில் தெரியுது."

"கொட்டிலுக்கு மேலை?"

"ஆரோ எள்ளுக் காயப்போட்டிருக்கினம். காகம் வந்து கிளறியிருக்கு."

"எள்ளு இல்லை, அக்கா. எழுத்து. வருக வருக எண்டு எழுதியிருக்கு."

"ஆரை?"

வள்ளம் கல்லுப்பாலத்துக்குப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். மனச்சாட்சியுள்ள மனிதன் நான். எனக்கும் எள்ளாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சின்னத்தங்கம் தேத்தண்ணி தந்தாள். இரண்டு மிடறு குடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்:

"நான் ஒண்டு சொல்லட்டோ? மூண்டே மூண்டு எழுத்து. பிட்டு."

"என்ன பிட்டு?"

"பலகையிலை. பி, ட், டு. ஒவ்வொரு எழுத்தும் என்ர இடுப்பு உயரத்துக்கு."

"என்ர பேர் எங்கை?"

"பேரைத் தின்ன ஏலுமே?"

"மனுவேல் தன்ர பேரைத்தானே போட்டிருக்கிறான்?"

"மனுவேலுக்குக் கல்லுப்பாலம் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

நான் யோசித்தேன். நேர்மையாக யோசித்தேன். "நீர் இருக்கிறீர்."

"நான் என்ன செய்யிறனான்?"

"பிட்டு அவிக்கிறனீர்."

"அதைத்தான் எழுதச் சொல்லுறன்."

உபாத்தியாயராக இருந்த காலத்தில் இப்படி நான் யாரையும் மடக்கியதில்லை. இணங்கினேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். எழுத்தை நானே வரைந்து கொடுப்பேன். மரியதாசன் மை மட்டும் பூச வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். பலகைக்குக் கறுப்புக் கீல் பூசி, வெள்ளை எண்ணெய் மையால் எழுதுவது என்று முடிவாயிற்று.

நான் சோக்கட்டியால் வரைந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"'பி'யின்ர கொக்கியை மொத்தமா இழுங்கோ."

"கொக்கி மெல்லிசா, கொடி மாதிரி வளைஞ்சு வரவேணும். எழுத்துக்கு ஒரு நளினம் வேண்டாமோ?"

"நளினம் கிட்ட நிண்டு பாக்கிறவைக்கு. எங்களுக்குத் தேவை எட்ட நிண்டு பாக்கிறவை."

"சின்னத்தங்கம், பிட்டை நீர் பாரும். எழுத்தை நான் பாக்கிறன்."

"சரி," என்றாள். அவள் 'சரி' என்று சொன்ன நாட்களை நான் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால் என் வாழ்க்கையில் பல ஆபத்துகளைத் தவிர்த்திருக்கலாம்.

பங்குனி மாதம் முதல் வெள்ளி. கடை வாசலில் நின்றவன் கண்ணை நம்ப முடியாமல் நின்றேன். நெடுந்தீவு வள்ளம் கல்லுப்பாலத்தை விட்டு விலகி, எங்கள் மணல் இறக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. வள்ளம் தட்டமுன்னமே பத்துப் பெண்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதித்தார்கள். முன்னால் செபஸ்தியம்மா. அவளுக்குப் பக்கத்தில் மகள் எமிலி, தலையைக் குனிந்துகொண்டு.

பலகை வேலை செய்துவிட்டது! எழுத்தின் நளினம் வென்றுவிட்டது! வாங்குகளைத் துடைத்தேன்.

"வாங்கோ, வாங்கோ, இருங்கோ. எத்தினை பேருக்கு?"

"பத்துப்பேர் வந்தனாங்கள், தம்பி. ஆனால் எடுக்கிறது ஒராளுக்குத்தான். இவள் எமிலிக்கு."

"பறவாயில்லை. எவ்வளவு வேணும்?"

"பன்னிரண்டு முழத்துக்குக் குறையாமைத் தாங்கோ."

எனக்குத் திகைப்பாக இருந்தது. பெண் பார்வைக்கு ஒல்லி. "அக்கா, முழத்திலை அளக்கிறதெண்டால் மூங்கில் குழல்லை அவிக்கவேணும். நாங்கள் பெட்டியிலைதான்."

"பெட்டியிலை இருக்கிறதைத்தான் எடுத்துக் காட்டுங்கோவன். என்ன நிறம் இருக்கு?"

"வெள்ளை இருக்கு. குரக்கன் நிறமும் இருக்கு."

"வெள்ளைதான் வேணும். கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போறது."

"கட்டித் தாறன். வாழையிலையிலை கட்டித் தாறன்."

"கரை என்ன மாதிரி? வெறுமனையோ, இல்லாட்டிப் பூப்போட்டதோ?"

"எல்லாம் பூப்போட்டதுதான், அக்கா. தாராளமாப் போட்டிருக்கு," என்றேன். தேங்காய்ப்பூவில் சின்னத்தங்கம் கை சுருக்குவதில்லை.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து மகிழ்ந்தார்கள். செபஸ்தியம்மா குரலைத் தாழ்த்தினாள். "தோய்ச்சால் சுருங்காதே?"

"குழம்பிலை தோய்ச்சால் நல்லா ஊறும்," என்றேன்.

நான் குசினிக்குப் போய், ஆவி பறக்கும் நீத்துப்பெட்டியைக் கொண்டுவந்து அவர்கள் நடுவில் வைத்தேன். செபஸ்தியம்மா அதற்குள் எட்டிப் பார்த்தாள். எமிலி எட்டிப் பார்த்தாள். பத்துப்பேரும் முறை வைத்து எட்டிப் பார்த்தார்கள்.

"பட்டு எங்கை?" என்றாள் செபஸ்தியம்மா.

"இதுதான் பிட்டு."

"தம்பி, பிள்ளைக்கு உயிர்த்த ஞாயிறு முடியக் கலியாணம். பட்டுச்சீலை எடுக்க வந்தனாங்கள். கடல்லையிருந்து பாக்கேக்கை பலகையிலை 'பட்டு' எண்டு வடிவாப் போட்டிருந்ததே!"

நான் வெளியே ஓடினேன். இறக்கத்துக்கு இறங்கி, தண்ணீரில் இடுப்பளவு போய்த் திரும்பிப் பார்த்தேன். உண்மை. எழுத்தின் உடம்பெல்லாம் தெரிந்தது. நான் கொடிபோல வளைத்த கொக்கி மட்டும் பலகையின் கறுப்போடு கலந்துவிட்டிருந்தது. தூரத்துக்கு எழுத்தைத் தின்னும் ஒரு முறை இருக்கிறது என்று அன்று கற்றேன். முதலில் புள்ளி போகும். பிறகு மெல்லிய கொக்கி போகும். பிறகு எழுதினவனின் மானம் போகும்.

நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தபோது பத்துப்பேரும் வாங்கில் இருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு வாழையிலை. சின்னத்தங்கம் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பட்டு யாழ்ப்பாணத்திலை கிடைக்கும், அக்கா. இவ்வளவு தூரம் வெறுவயித்தோடை வந்தனீங்கள். ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

ஒரு வாய் மூன்று நீத்துப்பெட்டியில் முடிந்தது. கை கழுவிய பிறகு செபஸ்தியம்மா சின்னத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, கலியாணத்துக்கு எங்கட பகுதியிலை சைவச் சனமும் வருவினம். அவைக்கு வேறையாச் சமைக்க ஆள் தேடிக்கொண்டு திரிஞ்சனான். நீர் வந்து தாரும்."

"ஓம், வாறன்," என்றாள் சின்னத்தங்கம்.

அன்று பின்னேரம் அவளே ஏணியில் ஏறினாள். தும்புக் கட்டு ஒன்றை மையில் தோய்த்து அந்தக் கொக்கியின்மேல் இழுத்தாள். என்னைக் கல்லுப்பாலத்தின் நுனிக்கு அனுப்பினாள்.

"தெரியுதோ?"

"தெரியுது."

"இன்னும் அங்காலை போங்கோ."

"அங்காலை கடல், சின்னத்தங்கம்."

"ஓம், அங்கையிருந்துதான் சனம் வாறது."

கொக்கி கை மொத்தமாயிற்று. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டாள். புள்ளியைத் தேங்காய் அளவுக்கு ஆக்கினாள். பார்வைக்கு நளினம் துளியும் இல்லை. உலக்கையால் எழுதியதுபோல இருந்தது. ஆனால் கடற்கோட்டையைத் தாண்டும்போதே, பாதி எழுத்துத் தெரிந்தவன்கூட "பி-ட்-டு" என்று வாய்விட்டு வாசித்தான். வாசித்தவுடன் வாயூறினான்.

சித்திரை பிறக்கும்போது நாலு வாங்கு எட்டாகியிருந்தது. ஆடு மெலிந்தது. புளியங்கூடலிலிருந்து வரும் செய்திகள் நின்றன. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

இருக்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன். துறையில் என்னை ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'பிட்டுக்கடை' என்றார்கள். "பிட்டுக்கடை போகுது, பிட்டுக்கடை வருகுது." அதையும் பொறுத்தேன். ஒருநாள் நயினாதீவுக் கிழவர் ஒருவர் சாப்பிட்டு எழும்பி, என் தோளில் கைவைத்து, அன்போடு கேட்டார்: "தம்பி, நீர் இஞ்சை கனகாலமோ? முதலாளியம்மா சம்பளம் ஒழுங்காத் தாறவவோ?"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உறங்கப் போகும்போது தைத்தது. எழும்பும்போது தைத்தது. சின்னத்தங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு நல்ல பதில் ஒன்று சொல்லுவாள். நல்ல பதில்களைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்தது. சின்னத்தங்கம் நீத்துப்பெட்டிகளையும் அகப்பைகளையும் கட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டாள். மூன்று நாள் பயணம்.

"நான் வருமட்டும் தேத்தண்ணி மட்டும் குடுங்கோ. அடுப்பிலை வேறை வேலை பாக்காதையுங்கோ," என்றாள். பலகையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

வள்ளத்தில் ஏறுமுன் கரையில் நின்ற மரியதாசனிடம் ஏதோ கதைத்தாள். நெடுந்தீவுக்கு ஏதும் வேண்டுமோ என்று கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். வள்ளம் போய் மறைந்தது.

மறுநாள் காலை அந்தப் பலகைக்கு எதிரே நின்றேன். கடை வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை எனக்கு உதித்தது. எழுத்தின் இரகசியம் இப்போது எனக்குத் தெரியும். மொத்தமாக, இடைவெளி விட்டு, குறைவாக. அப்படி எழுதினால் பிட்டு மட்டுமா தெரியும்? எதுவும் தெரியும். ஒரு மனிதனின் பேரும் தெரியும்!

மரியதாசனைக் கூப்பிட்டேன்.

"அரியநாயகம். ஏழெழுத்து. வேறை ஒண்டும் வேண்டாம். மொத்தமா எழுதும்."

அவன் மறுத்துப் பேசுவான் என்று நான் நியாயங்களோடு ஆயத்தமாக இருந்தேன். அவன் "சரி அண்ணை," என்றான். "கறுப்புப் பலகையிலை வெள்ளை இருந்தது. இப்ப மாத்தி வெள்ளையிலை கறுப்புப் போடுவம். புதுசா இருக்கும்."

நல்ல தொழிலாளி. மத்தியானத்துக்குள் பலகை முழுதும் வெள்ளை பூசி, கறுப்பில் ஏழெழுத்தும் எழுதி முடித்தான். நான் வள்ளத்தை வலித்துக்கொண்டு போனேன். கடற்கோட்டையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அரியநாயகம். ஓர் எழுத்துப் பிசகவில்லை. என் தகப்பனார் எனக்கு அந்தப் பேரை வைத்தபோது அதை இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார். கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், துடுப்பை வைத்துவிட்டு அழுதேன்.

மூன்றாம் நாள் சின்னத்தங்கம் வந்திறங்கினாள். நான் பலகைக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாயிருக்கு. வடிவாத் தெரியுது," என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஒரு சண்டைக்கு இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் வீண்.

அடுத்த நாள் காலை முதல் வள்ளத்தில் வந்தவர் ஒரு வயதான கமக்காரர். கக்கத்தில் ஒரு காணி உறுதிக்கட்டு. வாங்கில் இருந்து, கட்டை அவிழ்த்து என் முன்னால் விரித்தார்.

"ஐயா, இந்த வடக்கு வேலிதான் பிரச்சினை."

"என்ன வேலி? சாப்பிட என்ன வேணும்?"

"சாப்பாடோ? நீங்கள் உறுதி எழுதிற நொத்தாரிசு ஐயா இல்லையோ? வெறும் பேரை மட்டும் இவ்வளவு பெரிசாப் போட்டிருக்கு. கோட்டடியிலை அப்படிப் போடுறது நொத்தாரிசுமார்தானே?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த வேலியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சின்னத்தங்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை செபஸ்தியம்மாவின் வள்ளம் வந்தது. எங்கள் பக்கம் திரும்பியது. தயங்கியது. கல்லுப்பாலத்துக்குப் போய்விட்டது. பிட்டுக்கடை பூட்டியாச்சு, அங்கே இப்போது ஒரு நொத்தாரிசுக் கந்தோர் திறந்திருக்கு என்று அவள் மனுவேலிடம் துக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

ஆனால் கடை வெறுமையாக இருந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. இறுப்பிட்டியிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. அதில் என் சின்னம்மா ஆச்சிமுத்து, அவளுடைய மூன்று மருமக்கள், ஒன்றுவிட்ட அண்ணை முருகேசு.

"எட தம்பி!" என்று கரையிலிருந்தே கூப்பிட்டாள் சின்னம்மா. "உன்ர பேரைக் கடல்லையே கண்டிட்டம். நெஞ்சு குளிர்ந்துபோச்சு. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு கடை இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாதடா. ஆற்றையோ பிட்டுக்கடை எண்டு நினைச்சுக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனனாங்கள்!"

"ஆற்றையோ கடையெண்டால் எங்களுக்கென்ன," என்றார் முருகேசு அண்ணை, வாங்கில் சம்மாணம் கட்டி இருந்துகொண்டு. "இது எங்கட கடை. எடும் பாப்பம்."

எங்கட கடை. அந்தச் சொல்லின் பொருளை நான் அன்று முழுமையாக விளங்கினேன். சொந்தக் கடையில் சாப்பிட்டவன் காசுக்கு மடியை அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் அது உறவுக்கு இழுக்கு.

அடுத்த நாள் பதினாலு பேர். மறுநாள் இரண்டு வள்ளம். இறுப்பிட்டியில் எனக்கு இத்தனை உறவு இருந்தது என்பதை என் கலியாணத்தில்கூட நான் கண்டதில்லை. சிலர் பாயோடு வந்தார்கள். ஒருவர் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டு, சுருட்டும் கேட்டார். சின்னத்தங்கம் எல்லோரையும் சிரித்த முகத்தோடு உபசரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வையுங்கோ, மாமி. உங்கட பிள்ளையின்ர கடைதானே? வடிவாச் சாப்பிடுங்கோ."

பிறகு என்னிடம் திரும்பி: "இஞ்சாருங்கோ, உங்கட சனத்துக்குத் தேங்காய் காணாது. திருவுங்கோ."

நான் திருவினேன். காலையில் திருவினேன். மத்தியானம் திருவினேன். கை வீங்கியது. திருவலையில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தால் கல்லுப்பாலம் தெரிந்தது. மனுவேல் புதிதாக வாங்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

ஆறாம் நாள், முருகேசு அண்ணை உண்ட களைப்பில் வாங்கோடு வாங்காகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, சின்னத்தங்கம் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அண்ணர் ஆளனுப்பியிருக்கிறார். எப்ப வாறியள் எண்டு கேக்கிறார்."

திருவலையிலிருந்து எழும்பினேன். "சின்னத்தங்கம், அந்தப் பேரை எடுப்பம்."

"எந்தப் பேரை?"

"என்ர பேரைத்தான்."

"ஐயோ, வேண்டாம்! எவ்வளவு ஆசையா எழுதினனீங்கள். நொத்தாரிசு மாதிரி இருக்கு."

"எடுப்பமெண்டு சொல்லுறன்."

"உங்கட சனம் கண்டு சந்தோசப்படுகுது."

"சின்னத்தங்கம், கும்பிட்டன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. வீங்கின கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒரு தரம் தடவினாள். "தடுத்திருந்தனெண்டால் சாகுமட்டும் அந்தப் பேரையே நினைச்சுக்கொண்டிருப்பியள்," என்றாள் மெல்ல. "இனிப் பலகையைத் தொடமாட்டியளே?"

"தொடமாட்டன். ஆனால் மரியதாசனைக் கூப்பிட்டு, சுரண்டி, திரும்பக் கீல் பூசி, அது காஞ்சு, எழுதி முடிக்க எத்தினை நாள் போகும்? அதுக்குள்ளை வைகாசி பிறந்திடுமே!"

அவள் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளினாள். ஏணியில் ஏறினாள். பலகையின் தலையிலிருந்து ஊற்றினாள்.

என் பேர் கரைந்தது. முதலில் 'ம்' போனது. 'க' போனது. 'நா' நீண்டு ஒழுகியது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறத் தண்ணீராகக் கூரையில் வடிந்து, கிடுகில் சொட்டி, கீழே நின்ற என் தோளில் விழுந்தது. இரண்டாவது வாளி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கறுப்புப் பலகை வந்தது. கை மொத்தக் கொக்கி வந்தது. தேங்காய்ப் புள்ளி வந்தது. ஒரு கீறலுமில்லாமல், முன்னிலும் பளிச்சென்று, 'பிட்டு' வந்தது.

கரையில் ஒரு வள்ளத்துக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த மரியதாசனிடம் ஓடினேன்.

"மரியதாசா! நீர் என்னத்தாலை எழுதினீர்?"

"சுண்ணாம்பும் கரித்தண்ணியும், அண்ணை. எண்ணெய் மையிலை அது பிடியாது. வாளித் தண்ணிக்குப் போயிடும்."

"ஆர் அப்படி எழுதச் சொன்னது?"

"அக்காதான். 'இவர் தன்ர பேரை எழுதச் சொல்லிக் கூப்பிடுவார். மறுக்காதையும், சுண்ணாம்பிலை எழுதிவிடும்' எண்டவ."

"எப்ப சொன்னவ?"

"நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறேக்கை."

நான் மணலில் இருந்துவிட்டேன். அந்த யோசனை எனக்கே வந்தது அதற்கு அடுத்த நாள் காலையில்தான்.